முதலில் கை வைத்தவர்

பயிற்சி பொம்மையின் முகத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் ஒரு வாசனை எழும். ரப்பரும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை, இரண்டும் கலந்த ஒரு நெடி. வேலை பார்த்த காலத்தில் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் கையிலேயே அந்த நெடி இருக்கும். எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்துக் கழுவினாலும் ராத்திரி சோறு பிசையும்போது லேசாக எட்டிப்பார்க்கும்.

ஓய்வு பெற்றபின் அதை மறந்தே போயிருந்தேன். போன மாதம் எங்கள் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. அண்ணன் மகளோடு போயிருந்தேன். பஜ்ஜி ஸ்டாலுக்கும் பலூன் சுடுகிற இடத்துக்கும் நடுவே நர்சிங் காலேஜ் பிள்ளைகள் சிலர் பாயை விரித்து, இடுப்புக்கு மேலே மட்டும் உள்ள ஒரு பொம்மையைக் கிடத்தியிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் உதட்டைக் கடித்துக்கொண்டு அதன் நெஞ்சை அமுக்கினான். சரியான ஆழத்துக்குப் போனால் 'டிக்' என்று சத்தம் வரும் பொம்மை அது. டிக், டிக், பிறகு சத்தம் இல்லை, மறுபடி டிக். அடுத்த ஆள் உட்காருமுன் ஒரு பிள்ளை ஸ்பிரிட் பஞ்சை எடுத்து முகத்தைத் துடைத்தது. பஜ்ஜி எண்ணெய் வாசனையைத் தாண்டி அந்த நெடி என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.

என் அண்ணன் மகள் ஹவுஸ் சர்ஜன். எட்டிப் பார்த்துவிட்டு, "இது பி.எல்.எஸ். தானே அத்தை. நான் அடுத்த வாரம் ஏ.சி.எல்.எஸ். போறேன்ல" என்றாள்.

அந்தத் 'தானே'யை நான் வேலைக் காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இதயம் நின்றுபோய் ஒருவர் கீழே கிடக்கும்போது செய்ய வேண்டியதைக் கற்றுத்தர இரண்டு படிகள் உண்டு. பி.எல்.எஸ். என்கிற அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி ஒரே நாளில் முடிந்துவிடும். தோளைத் தட்டிக் கூப்பிடு, உதவிக்குக் குரல் கொடு, பத்து நொடிக்குள் மூச்சையும் கழுத்து நாடியையும் பார், இல்லையென்றால் மார்பை அழுத்து, முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு, ஏ.இ.டி. என்கிற தானியங்கி ஷாக் கருவி வந்தால் ஒட்டு, அது சொல்கிறபடி செய். மருந்து கிடையாது, ஊசி கிடையாது. ஏ.சி.எல்.எஸ். என்கிற மேல்படி பெரும்பாலும் இரண்டு நாள். அதில் ஈ.சி.ஜி. பட்டையைப் படிக்க வேண்டும், எந்தத் துடிப்புக்கு ஷாக், எதற்குக் கூடாது என்று தெரிய வேண்டும், மருந்தின் அளவும் நேரமும் மனப்பாடம் ஆக வேண்டும், மூச்சுக்குழலுக்குள் குழாய், நின்ற இதயம் ஏன் நின்றது என்ற ஆராய்ச்சி, மீண்டு வந்தபின் கவனிப்பு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குழுவை நடத்துகிற வேலை. முதல் படி ஏறாதவரை இரண்டாவதில் உட்கார விடுவதில்லை. ஆனாலும் இரண்டாவதற்குப் போகிறவர்கள் முதலாவதைப் பார்க்கிற பார்வையில் ஒரு 'தானே' வந்து உட்கார்ந்துவிடுகிறது.

நான் நர்சிங் படித்த எண்பதுகளில் எங்கள் பக்கம் இந்த இரண்டுமே இல்லை. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. வார்டில் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான் மிச்சம். ராத்திரி யாருக்காவது 'போச்சு' என்று தெரிந்தால் முதலில் மடக்குத் திரையை இழுத்து மறைப்போம். சொந்தக்காரர்களை வெளியே அனுப்புவோம். ஆயாம்மா டியூட்டி டாக்டரை எழுப்ப ஓடுவார். அந்த அறை முற்றத்தைத் தாண்டி இருக்கும். ஒருத்தி ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருவாள். அதைத் திறக்கிற சாவியைக் கட்டுத்துணியால் சிலிண்டர் கழுத்திலேயே கட்டி வைத்திருப்போம், காணாமல் போனால் தொலைந்தோம் என்று. கட்டிலோ கம்பி வலை போட்டது, நடுவில் தொட்டில் மாதிரி தொங்கும். அதன்மேல் நெஞ்சை அமுக்கினால் ஆளோடு சேர்ந்து மெத்தைதான் இறங்கும். அதற்காக ஆஸ்பத்திரித் தச்சர் செய்து கொடுத்த ஒரு பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்திருப்போம். நோயாளியைப் புரட்டி முதுகுக்குக் கீழே அதைச் செருகுவோம். டாக்டர் வந்ததும் கொராமின் ஊசி, நீளமான ஊசியால் இதயத்துக்குள்ளேயே அட்ரினலின். சினிமாவில் கூடக் காட்டினார்களே, அதுவேதான். இவ்வளவும் ஆகி முடிப்பதற்குள் நெஞ்சில் கை வைத்தவர் யார் என்று கேட்டால், சில ராத்திரிகளில் யாருமே இல்லை. சோம்பலோ அலட்சியமோ இல்லை. டாக்டர் வந்துதான் தொடங்க வேண்டும் என்று எல்லோருமே நம்பினோம்.

இத்தனைக்கும் விஷயம் அதற்குப் பல வருடம் முன்பே அச்சாகிவிட்டது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மூன்று பேர், கௌவென்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர், 1960-ல் எழுதினார்கள்: மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே ரத்த ஓட்டத்தை நடத்தலாம் என்று. மூவரில் மூத்தவரான கௌவென்ஹோவன் டாக்டரே இல்லை, மின்பொறியாளர். மின்கம்பத்தில் ஏறுகிற தொழிலாளிகள் ஷாக் அடித்துச் சாவதைத் தடுக்க முடியுமா என்ற கேள்வியில் தொடங்கியவர். நாய்களுக்கு ஷாக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கனமான தகடுகளை நெஞ்சில் வைத்து அழுத்தியதுமே ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவதை நிக்கர்பாக்கர் கவனித்தார். அதிலிருந்து வந்ததுதான் இன்றைக்கு ஆறாம் வகுப்புப் பையன் அமுக்குகிற அமுக்கு. அதே ஊரில் பீட்டர் சாஃபர் என்ற மயக்கவியல் மருத்துவர், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதை முறைப்படுத்தியிருந்தார். இரண்டையும் சேர்த்தபோது சி.பி.ஆர். வந்தது. அதிலும் ஒரு வேடிக்கை: 1966-ல் அமெரிக்காவில் கூடிப் பேசியவர்கள் மருத்துவத் துறையினருக்குத்தான் இதைச் சொல்லித்தரச் சொன்னார்கள். பொதுமக்களுக்கும் கற்றுத்தரலாம் என்று ஒப்புக்கொள்ள 1974 ஆயிற்று. மேல்படிப் பயிற்சி வேர் பிடித்ததும் அந்த 1974 வழிகாட்டுதலில்தான்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு முதல் பொம்மை வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி. மேட்ரன் திறந்தார். உள்ளே கண்ணை மூடிய ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம், லேசான சிரிப்போடு. எங்களில் ஒருத்தி "ஏசப்பா!" என்று பின்வாங்கிவிட்டாள். வகுப்பெடுக்க வந்த மயக்க மருந்து டாக்டர்தான் கதை சொன்னார். பாரிஸில் சேன் நதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூழ்கி இறந்த யாரோ ஒரு இளம்பெண்ணின் முகத்திலிருந்து வார்த்த அச்சு என்பார்கள். அழகாக இருந்ததால் அதை வீட்டுச் சுவர்களில் அலங்காரமாக மாட்டினார்கள். நார்வேயில் ஸ்டவாங்கர் ஊரில் பொம்மை செய்கிற ஆஸ்முண்ட் லேர்டால், 1960-ல் பயிற்சி பொம்மை செய்யும்போது, உறவினர் வீட்டில் பார்த்த அந்த முகத்தை நினைவு வைத்து அதையே கொடுத்தார். தன் சின்ன மகன் தண்ணீரில் மூழ்கியபோது இழுத்துக் காப்பாற்றியவர் அவர். பெயர் தெரியாமல் செத்த பெண்ணின் வாயில் உலகமே மூச்சு ஊதிப் பழகியிருக்கிறது.

கதை கேட்டதும் பொம்மைமேல் பயம் போனது, கூச்சம் போகவில்லை. வாயில் வாய் வைப்பதா? அதுவும் ஆண் டாக்டர்கள் பார்த்துக்கொண்டு நிற்க? எங்களோடு இருந்த ஒரு மூத்த ஸ்டாஃப், "கல்யாணம் ஆகி முப்பது வருஷம் ஆச்சு, இப்பப் போயி..." என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். மேட்ரன் ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றது. அதைவிடப் பெரிய தொல்லை சேலை. அப்போது யூனிஃபார்ம் வெள்ளைச் சேலைதான். அதைக் கட்டிக்கொண்டு தரையில் மண்டிபோட்டு, முழங்கை மடங்காமல், உடம்பின் எடையை இறக்கிப் பாருங்கள். மடிப்பு காலுக்கடியில் மாட்டும், முந்தானை பொம்மையின் முகத்தில் விழும். முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு களத்துமேட்டு வேலைக்கு இறங்குவதுபோல இறங்கினோம். முட்டிவலிக்காரர்களுக்கு மரப்படி ஒன்று போட்டு, கட்டிலோரம் நின்றபடி செய்யவிட்டார்கள். உண்மையில் வார்டில் தேவைப்படுவது அதுதான். கட்டில் உயரமாகவும் நாம் குள்ளமாகவும் இருந்தால் கையால்தான் தள்ளுவோம். இடுப்பிலிருந்து இறங்கினால்தான் ஆழம் கிடைக்கும். அதன்பிறகு எங்கள் ஐ.சி.யூ.வில் ஒவ்வொரு கட்டிலுக்கடியிலும் ஒரு மரப்படி வந்தது.

பிறகு நானே சொல்லிக்கொடுக்கிறவளாக ஆனேன். அந்த வருடங்களில் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. முதலில் பதினைந்து அழுத்தம், இரண்டு மூச்சு. 2005-ல் அதை முப்பதுக்கு இரண்டு ஆக்கினார்கள். தொடர்ச்சியாக மூன்று ஷாக் கொடுத்துக்கொண்டிருந்தது ஒன்றாகக் குறைந்தது, ஷாக் அடித்த கையோடு மீண்டும் அழுத்து என்றார்கள். 2010-ல் தலைகீழ் மாற்றம்: ஏ.பி.சி. என்று சுவாசப்பாதையில் தொடங்கியதை சி.ஏ.பி. ஆக்கி, முதலில் மார்பு என்றார்கள். குனிந்து கன்னத்தை மூக்கருகே வைத்து, பார், கேள், உணர் என்று நாங்கள் பயபக்தியோடு சொல்லிக்கொடுத்த சடங்கும் அந்த வருடத்தோடு போயிற்று. 2015-ல் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, ஆழம் 5 முதல் 6 செ.மீ. வரை என்று மேல் வரம்பும் வந்தது. மாற்றங்களை வரிசையாகப் பார்த்தால் எல்லாம் ஒரே பக்கம் சாய்வது தெரியும். அழுத்துகிற கை எவ்வளவு குறைவாக நிற்கிறதோ அவ்வளவு நல்லது. எத்தனை நன்றாக அழுத்தினாலும் இயல்பான ரத்த ஓட்டத்தில் கால்வாசியோ அதற்குச் சற்று மேலோதான் கிடைக்கும். அதையும் பத்து நொடி நிறுத்தினால், ஏற்றிய அழுத்தம் சரிந்து, முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

மேல்படியிலும் களைந்தார்கள். இதயம் நின்றால் ஆஸ்பத்திரியில் எழுப்பும் அவசர அழைப்பை 'கோடு புளூ' என்போம். அட்ரோபின் ஆம்பியூலை உடைக்காத கோடு புளூவே என் இளமையில் கிடையாது. இதயம் முழுவதும் நின்றவர்களுக்கு அதனால் பயன் இல்லை என்று 2010-ல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். நான் தினமும் காலையில் எண்ணிச் சரிபார்த்த டிராலியின் முதல் இழுப்பறையில் அந்த வரிசை மெலிந்தது. அட்ரினலின் மட்டும் இன்றும் அப்படியே: ஒரு மில்லிகிராம், மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம், பின்னாலேயே 20 மி.லி. சலைன், கையைத் தூக்கிப் பிடி. அமியோடரோன் ஷாக்குக்கு அடங்காத துடிப்புக்கு, முதலில் 300, பிறகு 150.

ஏ.சி.எல்.எஸ். வகுப்புக்கு நான் முதலில் போனபோது பயந்தது ஈ.சி.ஜி. பட்டைகளுக்கு. கஷ்டப்படுத்தியது வேறு ஒன்று. இரண்டாம் நாள் 'மெகாகோடு' என்று ஒரு தேர்வு வைப்பார்கள். ஒருவர் தலைவர், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேலை. வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் குறும்புக்காரர். என்னைத் தலைவராக்கி, எங்கள் மெடிசின் சீஃபை நெஞ்சமுக்கப் போட்டுவிட்டார்! ரவுண்ட்ஸில் அவர் முன்னால் நாங்கள் கேஸ் ஷீட்டை நீட்டிக்கொண்டு நிற்போமே தவிர, வாய் திறந்ததில்லை. அவர் அமுக்குகிறார். ஆனால் மேலே வரும்போது முழுதாகக் கையைத் தளர்த்தவில்லை, நெஞ்சின்மேல் சாய்ந்தபடியே இருக்கிறார். தளர்த்தினால்தானே இதயம் நிறையும்? நான் சொல்ல வேண்டும். "சார்... கொஞ்சம்... கையை..." என்று எனக்கே கேட்காத குரலில் இழுத்தேன். பயிற்சியாளர் கைதட்டி எல்லாவற்றையும் நிறுத்தினார். "சிஸ்டர், பேஷண்டுக்குத்தான் காது கேக்காது. உங்க சாருக்காவது கேக்கணும்ல?" என்றார். அறை சிரித்தது. சீஃப் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சத்தமாச் சொல்லும்மா. நான் சொன்னா நீ கேக்குறேல்ல, இப்ப நான் கேக்குறேன்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தால் எங்கள் ஐ.சி.யூ. மாறியது என்று சொன்னால் மிகையில்லை. அதற்குமுன் கோடு புளூ என்றால் கூச்சல். "அட்ரினலின் குடுங்க!" என்று ஒரு டாக்டர் காற்றைப் பார்த்துக் கத்துவார். மூன்று பேர் ஆம்பியூலை நோக்கிப் பாய்வார்கள், அல்லது அடுத்தவர் கொடுத்திருப்பார் என்று மூன்று பேரும் நிற்பார்கள். மேல்படிப் பயிற்சி அதை ஒழுங்கு செய்தது. ஆளைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கொடுத்து முடித்ததும் "அட்ரினலின் ஒரு மில்லிகிராம் குடுத்தாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். தெரியாததைச் செய்யச் சொன்னால், "எனக்குத் தெரியாது, வேற ஆளைப் போடுங்க" என்று சொல்லலாம். யாரும் கோபிக்கக்கூடாது. டாக்டரைப் பார்த்து ஒரு ஸ்டாஃப் நர்ஸ், "சார், ரெண்டு நிமிஷம் ஆச்சு, ஆள் மாத்துங்க" என்று சொல்வது எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை.

சினிமாக்காரர்கள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. திரையில் கோடு நேராக ஓடியதும் டாக்டர் ஷாக் வைப்பார், உடம்பு துள்ளும், கோடு எழும். நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது. இதயத்தின் கீழறை தாறுமாறாக நடுங்கும்போதும், நாடி இல்லாமல் படுவேகமாகத் துடிக்கும்போதும்தான் ஷாக். கோடு நேரானால் அழுத்தம், அட்ரினலின், அப்புறம் காரணத்தைத் தேடு: ரத்தம் குறைந்ததா, ஆக்சிஜன் இல்லையா, பொட்டாசியம் ஏறியதா, நெஞ்சுக்குள் காற்று அடைத்ததா, விஷமா, ரத்தக்கட்டியா. இப்படி ஆங்கில எழுத்து ஹெச்சில் ஐந்து, டியில் ஐந்து என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸுக்கு வராமல் விட்ட ஒருவர் கொண்டுவரப்பட்டபோது, இளம் டாக்டர் ஒருத்தி அந்தப் பத்தையும் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்து, பொட்டாசியத்தில் நின்று, கால்சியம் ஊசியைக் கேட்டாள். அவர் பிழைத்தார். அதெல்லாம் மேல்படியின் கொடை, குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இரண்டு படிகளுக்கும் நடுவே உள்ள ஒரு பெரிய வித்தியாசத்தைக் கையேடுகள் இத்தனை வெளிப்படையாகச் சொல்வதில்லை. கீழ்ப்படியில் 'நிறுத்தாதே' என்பதுதான் பாடம். உதவி வரும்வரை, ஆள் அசையும்வரை, உனக்குத் தெம்பு இருக்கும்வரை அழுத்து. மேல்படிக்குப் போனால்தான் எப்போது நிறுத்துவது என்று கற்றுத்தருகிறார்கள். வெளிமூச்சில் கரியமில வாயுவை அளக்கிற கருவி இருந்தால், குழாய் போட்டு இருபது நிமிடம் ஆகியும் எண் பத்தைத் தாண்டவில்லையென்றால் நம்பிக்கை மிகக் குறைவு. அது மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. நான் பார்த்த நல்ல தலைவர்கள், நிறுத்துவதற்குமுன் சுற்றி நிற்கிற ஒவ்வொருவரையும் பார்த்து, "யாருக்காச்சும் வேற யோசனை தோணுதா? ஏதாச்சும் விட்டுட்டோமா?" என்று கேட்பார்கள். ஆயாம்மாவையும் பார்த்துத்தான் கேட்பார்கள். யாரும் பேசாதபோது கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வார்கள். சொன்னபிறகும் அழுத்தியவரின் கை சிறிது நேரம் விலகாது. பெரும்பாலும் எங்கள் கோடு புளூக்கள் அப்படித்தான் முடிந்தன. இதயம் நின்றவர்களில் மீண்டு வீட்டுக்கு நடந்து போகிறவர்கள் சிலரே. இதை மறைத்து யாருக்கும் நான் வகுப்பெடுத்ததில்லை.

அந்தச் சிலரில் ஒருவரையும், அவர் நெஞ்சில் முதலில் கை வைத்தவரையும் பற்றிச் சொல்கிறேன்.

பொம்மைப் பெட்டிகளை வகுப்பறைக்கு வகுப்பறை தூக்கி வருகிற ஒரு அட்டெண்டர் எங்களிடம் இருந்தார். பெட்டி அண்ணன் என்போம். பள்ளிப்படிப்பு அவ்வளவாக இல்லை. வகுப்பு முடிந்தால் பொம்மையைத் துடைத்து மடக்கி எடுத்துப்போக வேண்டுமே என்று கடைசி வரிசையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். எத்தனை பேட்ச், எத்தனை டாக்டர்கள், எத்தனை தரம் அதே பாடம். சில சமயம் நான் எண்ணிக்கையைத் தவறவிட்டால் பின்னாலிருந்து "இருபத்திரண்டு சிஸ்டரம்மா" என்று குரல் வரும்.

ஒரு திங்கட்கிழமை காலை. ஓ.பி. மருந்துக்கடை வரிசையில் நின்ற ஐம்பது வயதுக்காரர் சீட்டைக் கையில் பிடித்தபடி சரிந்தார். கூட்டம் விலகி வட்டம் கட்டியது. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார், வலிப்பு என்று. ஒருவர் சோடா வாங்க ஓடினார். சலவைத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த பெட்டி அண்ணன் வண்டியை விட்டார், தோளைத் தட்டினார், கத்தினார், மண்டிபோட்டார். நாங்கள் டிராலியோடு காஷுவாலிட்டியிலிருந்து ஓடிவரும்போது தூரத்திலேயே அவர் குரல் கேட்டது: "இருபத்தெட்டு, இருபத்தொம்பது, முப்பது." நின்று மூச்சு விடாமல் மறுபடி ஒன்று. பேடு ஒட்டினோம், திரையில் இதயம் நடுங்கிக்கொண்டிருந்தது. ஷாக். அடுத்த முறை அழுத்த இளம் டாக்டர் ஒருவர் முன்வந்தபோது, தலைவராக இருந்த காஷுவாலிட்டி டாக்டர், "இருங்க, அவர் நல்லா அமுத்துறார். மூச்சு வாங்கிட்டு அடுத்த சுத்துல அவரும் வரட்டும்" என்றார். இரண்டாவது ஷாக்குக்குப் பிறகு நாடி கிடைத்தது. அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அடைப்பை நீக்கி, அந்த மனிதர் சில வாரம் கழித்துத் தானே நடந்து வந்து ஐ.சி.யூ.வுக்கு ஒரு பெட்டி பால்கோவா கொடுத்துவிட்டுப் போனார். டாக்டர்களுக்குச் சால்வை. பெட்டி அண்ணன் அன்று எங்கோ பெட்டி தூக்கிப் போயிருந்தார். பால்கோவாவில் அவருக்கு ஒரு பங்கை எடுத்து வைத்தது எங்கள் ஆயாம்மா.

கோடு ஷீட்டை நான்தான் நிரப்பினேன். அழுத்தம் தொடங்கிய நேரம், ஷாக் நேரம், எத்தனை ஜூல், மருந்து, அளவு, குழாயின் சைஸ், தலைவரின் கையெழுத்து எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. அழுத்தத்தைத் தொடங்கியவர் யார் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதினேன். அழுத்தமே இல்லாமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழிலிருந்து பத்து பங்கு குறைகிறது. நான்கைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்குகிறது. எங்கள் டிராலி, எங்கள் ஷாக், எங்கள் அட்ரினலின், எங்கள் ஈ.சி.ஜி. ஞானம் எல்லாம் வேலை செய்ய ஒரு உடம்பை உயிர்ப்போடு வைத்திருந்தவர் அவர்தான்.

அந்தச் சம்பவத்தைக் காட்டித்தான் நிர்வாகத்திடம் போய் நின்றோம்: அட்டெண்டர், ஆயா, செக்யூரிட்டி, லிஃப்ட்காரர், கேண்டீன் பையன்கள் எல்லோருக்கும் வகுப்பு வேண்டும் என்று. "அவங்களுக்கு எதுக்கும்மா, சர்டிஃபிகேட் கேக்குறது டாக்டருக்கும் நர்ஸுக்கும்தானே, செலவு வேற" என்றார்கள். மூத்த டாக்டர்கள் சிலர் பக்கபலமாக நின்றதால் ஒருவழியாக நடந்தது. தமிழில் நடத்தினோம். அந்த வகுப்புகளில் கேட்ட கேள்விகளை எந்த டாக்டர் பேட்சிலும் நான் கேட்டதில்லை. "பொம்பளையாளு விழுந்தா நாங்க கை வைக்கலாமா சிஸ்டர்?" "எலும்பு உடஞ்சிட்டா கேஸ் ஆவாதா?" "உயிரு இருக்கறப்பவே அமுத்திட்டா?" விலா எலும்பு உடையலாம், ஒட்டிக்கொள்ளும். உயிர் இருந்தால் கையைத் தட்டிவிடுவார், நிறுத்திக்கொள்ளுங்கள். கேஸ் பயம் நியாயமானதுதான். சாலை விபத்தில் உதவுகிறவரைக் காக்க 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் தனிப் பிரிவே சேர்த்தார்கள், அதையும் சொல்லுவோம். முதல் கேள்விக்கு, "உன் அக்கா விழுந்து கிடந்தா, நின்னு பாக்குறவன் ஆம்பளைங்கறதால சும்மா இருக்கணும்னு நினைப்பியா, அமுத்தணும்னு நினைப்பியா?" என்று திருப்பிக் கேட்டேன். அந்த செக்யூரிட்டித் தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "அமுத்தணும்" என்றான்.

இப்போது நிலைமை எவ்வளவோ தேவலை. வாயில் வாய் வைக்கிற கூச்சத்துக்கும் வழி பிறந்துவிட்டது. இந்திய உயிர்மீட்பு மன்றம் 2017-ல் நம் நாட்டுக்கென்று வகுத்த முறையில், வெளியிடத்தில் பொதுமக்கள் செய்ய வேண்டியது மார்பழுத்தம் மட்டும்தான். மூச்சு ஊத வேண்டாம். பெரியவர்கள் திடீரென்று சரிந்தால் அது போதும். நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மூச்சும் தேவை, அதை முறையாகப் பயின்றவர்கள் செய்யட்டும். தமிழ்நாட்டில் 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. 'டிக்' சத்தம் போடுகிற பொம்மைகளோடு, ஆழத்தையும் வேகத்தையும் விளக்கெரித்துக் காட்டுகிற பொம்மைகளும் வந்துவிட்டன. இரண்டு பயிற்சிகளின் சான்று அட்டைகளுக்கும் ஆயுள் இரண்டு வருடம்தான். ஆனால் கை சில மாதத்திலேயே மறந்துவிடுகிறது. மேல்படிக்காரர்களுக்கு அதை ஞாபகப்படுத்த ஆஸ்பத்திரி இருக்கிறது, வேலைக்கான கட்டாயம் இருக்கிறது. மற்றவர்களுக்கு யாரும் இல்லை. அதனால்தான் அந்தத் 'தானே' எனக்கு உறுத்துகிறது. மேல்படி கற்றவர் வந்து சேர எங்கள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே சில நிமிடம் ஆயிற்று. உங்கள் தெருவுக்கு 108 வந்து சேர எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலோ சங்கத்திலோ கோயில் கமிட்டியிலோ இப்படி ஒரு வகுப்புக்கு ஏற்பாடு செய்தால், பக்கத்து நர்சிங் கல்லூரியையோ மருத்துவக் கல்லூரியையோ கேளுங்கள், ஒரு மணி நேரம் போதும். முன்வரிசை நாற்காலிகளில் தலைவரையும் செயலாளரையும் உட்கார வைக்காதீர்கள். வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வருகிற அம்மா, இஸ்திரிக்காரர், ஸ்கூல் வேன் டிரைவர் ஆகியோரை உட்கார வையுங்கள். வகுப்பைத் தமிழில் நடத்தச் சொல்லுங்கள். பொம்மையை எல்லோரும் ஒரு தரமாவது அமுக்கிவிட்டுத்தான் டீ குடிக்கப் போக வேண்டும்.